நாற்பத்தோராம் மேசை

ஜெயராணியின் கைகள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தன. இரண்டு கிலோ பெரிய வெங்காயம். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கத்தியைப் பார்க்காமலே அரிந்தாள். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் விழுந்தன. கப்பலுக்குக் கொண்டுபோக சீனிச்சம்பல். கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு, வெளிச்சாப்பாட்டோடு ஏற விடமாட்டார்கள் என்று மகன் திலீபன் மெல்பேர்னிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பக்கத்து வீடு. அன்று கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் அவளுடைய குசினியில் உட்கார்ந்து சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தேன்.

"செசிலியாக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது," என்றாள்.

"கேள்."

"கப்பல்ல ரெண்டு பேருக்கு மட்டும் தனி மேசை கெடைக்குமா?"

"எந்த ரெண்டு பேருக்கு?"

"எனக்கும் அவருக்குந்தான். வேற யாருக்கு?"

நான் சிரிக்கவில்லை. பதினான்கு வருடம் சைப்ரஸில் முதியவர்களைப் பராமரித்தவள் நான். கடைசியாகப் பார்த்துக்கொண்ட கிழவியோடு இரண்டு தடவை கப்பலில் போயிருக்கிறேன். அதனால்தான் என்னிடம் கேட்டாள்.

தெரிந்ததைச் சொன்னேன். கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் ஆறு பேர், எட்டுப் பேர் உட்காரும் மேசைகள்தான் அதிகம். இருவர் மேசைகள் குறைவு, அவற்றுக்கு ஆட்களும் அதிகம். ஒரே பதிவில் வரும் குடும்பத்தைச் சேர்த்தே உட்கார வைப்பார்கள். பிரிந்து உட்கார வேண்டுமென்றால், ஏறிய அன்று பின்னேரமே மண்டப வாசலில் பட்டியலோடு நிற்கும் பொறுப்பாளரிடம் நேரே போய்க் கேட்க வேண்டும். முதல் பந்தி போதும், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் என்றாலும் பரவாயில்லை என்று சொன்னால் கிடைக்கக்கூடும்.

"உனக்காக நான் கேக்க மாட்டன். நீதான் போய்க் கேக்கோணும்."

"நானேதான் கேப்பேன். இங்கிலீசு தெரியாதா எனக்கு? முப்பத்தொம்பது வருசம் ஓட்டல்ல என்ன, கல்லா ஒடச்சேன்?"

கல் உடைக்கவில்லை, துணி மடித்தாள். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. பத்தொன்பது வயதில் கண்டிக்கு வந்து ஓர் ஓட்டலின் துணி அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மேசை விரிப்பு, கட்டில் விரிப்பு, நெப்கின் என்று துவைத்து வருவதையெல்லாம் தேய்த்து, மடித்து, அடுக்கும் வேலை. மடித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாகச் சாப்பாட்டு மண்டபம் தெரியும். மற்றப் பெண்கள் வெள்ளைக்காரிகளின் உடுப்பைப் பார்ப்பார்கள். ஜெயராணி பார்த்தது ஜன்னலோரம் இருவர் மேசையில் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதிகளை. ஒரு தட்டுச் சாப்பாட்டை ஒன்றரை மணித்தியாலம் சாப்பிடுவார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூட எழுந்து ஓடமாட்டார்.

"அப்பிடி என்னதான் பேசுவாங்கன்னு எனக்கு ஒரே யோசன," என்றாள். "ஒரு நாளு கதவ கொஞ்சமா தொறந்து வச்சுக் கேட்டேன். மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க அக்கா. வெறும் மழையப் பத்தி."

இருபத்துநான்கு வயதில் காளிமுத்துவைக் கட்டினாள். அவர் கண்டி நகரத்தில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவர். ஊர் தூங்கும்போது அவருக்கு வேலை. மாலை ஆறு மணிக்குப் போவார். அவள் காலை ஆறரை பஸ்ஸுக்கு ஓடும்போது எதிரே நடந்து வருவார். வேலைக்குக் கிளம்பும் முன், பின்னேரம் ஐந்து மணிக்குச் சாப்பிட உட்காருவார். அவள் பக்கத்தில் நின்று பரிமாறுவாள். பாண் சுடும் போறணைக்கு முன்னால் நின்று அவசரமாகத் தின்று பழகியவர், ஐந்து நிமிடத்தில் கை கழுவிவிடுவார். பிறகு மாமியார் சாப்பிடுவார், பிறகு மகன், கடைசியில் அவள். விடியற்காலையில் வருகிறவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். முப்பத்துநான்கு வருடம் அந்தத் தட்டின் மூலம்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். உப்புக் கூடியிருந்தால் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நன்றாயிருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார்.

மாமியார் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். புரட்டிப் படுக்கவைப்பது, புண் வராமல் பார்ப்பது, மூச்சுக்குழாய்க்குள் போகாமல் கஞ்சி ஊட்டுவது, எல்லாம் நான்தான் ஜெயராணிக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வாள். மாமியாரின் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. அதற்கு மேல் அவளைப் புகழ எனக்குத் தெரியாது.

நாலு வருடத்துக்கு முன் காளிமுத்து வேலையை விட்டார். அவளும் ஓய்வு பெற்றாள். வீட்டில் இரண்டே பேர்.

"இனி வீட்டிலேயே ரெண்டு பேரும் இருந்து சாப்பிடலாமே?" என்று கேட்டேன்.

"எங்கக்கா? நான் ஒக்காந்தா ஒடனே தண்ணி வைக்கலன்னு ஞாபகம் வரும். அப்பளம் ஆறிப்போயிருக்கும். அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு, எனக்குத்தான் பொறுக்காது. எந்திரிச்சிருவேன். திரும்பி வந்து பாத்தா அவரு சாப்பிட்டு முடிச்சு டீவி முன்னுக்குப் போயிருப்பாரு. வேற யாராவது போடணும் அக்கா. எனக்கு எந்திரிக்க வேலையே இருக்கக் கூடாது."

"கண்டியில ஓட்டல் இல்லையோ?"

"நான் மடிச்ச துணியில நானே கை தொடைக்கவா? போங்கக்கா. ராணிக்கு இந்த வயசுல என்ன வந்துச்சுன்னு ஊரே கேக்கும்."

கப்பலில் அவளைத் தெரிந்தவர்கள் இல்லை. அதோடு நாளும் குறைவாக இருந்தது. மருமகள் துஷாந்தி நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணின் தாய் போவதுதான் வழக்கம். ஆனால் துஷாந்தியின் அம்மா புவனேஸ்வரி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே ஜெயராணி மெல்பேர்னுக்குப் போக வேண்டும். ஒரு வருடம். காளிமுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குளிர் ஒத்துக்கொள்ளாது, வீட்டையும் பூட்டிப்போட முடியாது. அவளுடைய விமானம் அந்த மாதம் பத்தொன்பதாம் திகதி. அதற்கு முன் தானும் துஷாந்தியும் ஊருக்கு வந்து, எல்லோரும் சேர்ந்து ஒரு பயணம் போகலாம் என்று திலீபன் ஏற்பாடு செய்ததுதான், கொழும்பிலிருந்து மாலைதீவுக்குப் போய்த் திரும்பும் கப்பல். நான்கு இராச்சாப்பாடு. அதில் ஒன்று போதும் என்றாள் ஜெயராணி.

புவனேஸ்வரியைப் பார்த்துக்கொள்ள என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நடந்ததைக் கிட்ட இருந்து பார்த்தது அதனால்தான்.

சீனிச்சம்பல் போத்தலைக் கொழும்புத் துறைமுகத்தில் சோதனைக்காரர்கள் பறித்து வைத்துக்கொண்டார்கள். இது நடக்கும் என்று சொன்னோமே என்று யாரும் சொல்லவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. ஏறியதும் உயிர்காப்பு அங்கி போட்டுக் காட்டும் பயிற்சி, பிறகு பெட்டிகள் வந்து சேரவில்லை என்று அலைச்சல். மண்டப வாசலில் பொறுப்பாளர் பட்டியலோடு நின்ற நேரம் கடந்து போனது. அலைச்சல் ஒரு சாட்டு. உண்மையில் கேட்க அவளுக்குக் கூச்சம்.

அன்று எங்களுக்குக் கிடைத்தது பதினான்காம் மேசை. எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேசை. திலீபன், துஷாந்தி, புவனேஸ்வரி, அவருடைய கணவர் இராமநாதன், காளிமுத்து, ஜெயராணி, நான். நடுவில் ஒரு பெரிய பூச்சாடி. அதற்கு அந்தப் பக்கம் காளிமுத்து. ஜெயராணிக்கு அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. சோறு வந்ததும் எழுந்து எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கினாள். பிலிப்பைன்ஸ்காரப் பணியாளர் ஓடி வந்து கரண்டியை மரியாதையாக அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இராமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர், பகிடிக்காரர். காளிமுத்து தன் தட்டிலிருந்த சின்னப் பணிஸை, அந்த உருண்டை ரொட்டியை, கையில் எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"என்ன சம்மந்தி, கப்பல்காரனுக்கே சோதனை வைச்சு மார்க்ஸ் போடுறியளோ?" என்றார் இராமநாதன்.

எல்லோரும் சிரித்தோம். காளிமுத்துவும் சிரித்தார்.

இரண்டாம் நாள் முழுவதும் கடல். மதியத்துக்குப் பிறகு ஜெயராணி நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனாள். நான் புவனேஸ்வரியை நடக்கப் பழக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்ததால் கேட்டது. பொறுப்பாளர் ஓர் இந்தோனேசியர்.

"திருமண நாளா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறந்த நாளா?"

"இல்லை."

"அப்படியானால் என்ன விசேஷம், மேடம்?"

"ஒன்றுமில்லை. சாப்பிடத்தான்."

ஆம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் கேக்கும் கிடைத்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்து, நாற்பத்தோராம் மேசை, குசினிக் கதவுக்குப் பக்கம், இன்றைக்கே என்று எழுதிக்கொண்டார். அவள் திரும்பி வரும்போது நடை வேறு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து விரல் இரண்டைக் காட்டினாள்.

தவறு எங்கே நடந்தது என்றால், பதிவு திலீபனின் பெயரில் இருந்தது. உங்கள் குழுவில் இருவர் இன்று முதல் வேறு மேசையில் உட்காருவார்கள் என்று அவனுடைய அறைக்கு ஓர் அட்டை போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சாப்பிடுவது என்றால் ஒரே அர்த்தம்தான். தோட்டத்து லயக் குடியிருப்பில் அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு மூட்டினால் அது சண்டை. யாழ்ப்பாணத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பினால் அது சண்டை. நடுக்கடலில் மேசை மாறினாலும் அதே கதைதான்.

திலீபன் அட்டையைக் கையில் பிடித்தபடி அவளுடைய அறைக்கு வந்தான். பின்னால் மற்றவர்கள். புவனேஸ்வரியைத் தாங்கிக்கொண்டு நானும்.

"அம்மா, யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா."

"அப்ப எதுக்குத் தனி மேசை?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது பிரிஞ்சு போயிச் சாப்பிடுவாங்களாம்மா?"

உங்க அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று அறுபத்திரண்டு வயதில், மகனுக்கும் சம்பந்திக்கும் முன்னால், சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமலிருந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் குற்றத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

"தங்கச்சி, நான் அந்தப் பணிஸ் கதையைப் பகிடிக்குத்தான் சொன்னனான்," என்றார் இராமநாதன். "சம்மந்தியாரின்ரை தொழிலைக் குறைவாச் சொன்னதா நினைச்சிடாதேங்கோ. கண்டியில அவரின்ரை பாணைத் திண்டுதானே நாங்களும் வளந்தனாங்கள்."

"இல்லண்ணே, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப நான் மீன் மணக்குது எண்டு மூக்கைப் பொத்தினதுதான்," என்றார் புவனேஸ்வரி. "எனக்கு அப்பவே தெரியும். பக்கத்தில இருந்து நீங்கள் மீன் சாப்பிட்டனீங்கள்."

"ஐயோ அண்ணி, எனக்கு அது தெரியவே தெரியாது."

துஷாந்தி அழுதுவிட்டாள். "மாமி, என்னோட அங்க வந்து இருக்க விருப்பமில்லை எண்டால் சொல்லுங்கோ. நான் எப்பிடியும் சமாளிப்பன்."

அத்தோடு முடிந்தது. ஜெயராணி எழுந்து மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒரு கோவமும் இல்லம்மா. வாங்க, எல்லாரும் ஒண்ணாவே சாப்பிடுவோம்," என்றாள்.

இவ்வளவு நேரமும் காளிமுத்து மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் தூக்கம் அவரை இன்னும் விடவில்லை.

அன்று பதினான்காம் மேசையில் எல்லோரும் மாறி மாறி ஜெயராணியைக் கவனித்தார்கள். இதைச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடுங்கள் என்று அவள் தட்டு நிறைந்தது. அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். நாற்பத்தோராம் மேசை எங்களுக்கு நேர் எதிரே இருந்தது. வெள்ளை விரிப்பு, இரண்டு கதிரை, தண்ணீர் ஊற்றிய இரண்டு கிளாஸ். பந்தி முடியும்வரை யாரும் வரவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாக நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசியில் பணியாளர் வந்து அந்தக் கிளாஸ்களை எடுத்தபோது அவள் மெல்வது நின்றது.

சாப்பிட்டு முடிந்தும் வெளிச்சம் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தளத்தில் நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்கு ஒண்ணு, நாளன்னைக்கு ஒண்ணு. அப்புறம் ஒரு வருசம்," என்றாள். "சைப்ரஸ்ல நீங்க பாத்த அந்தக் கெழவி, புருசன் போனதுக்கப்புறம் எப்பிடிக்கா சாப்பிட்டா?"

"ரேடியோவைப் போட்டிட்டுச் சாப்பிடுவா."

"யாரு பேசுறான்னு இல்லாம, ஒரு சத்தத்துக்கு?"

"ஓம்."

 நான் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது.

அப்போது காளிமுத்து வந்தார்.

"ராணி, நாம கோவிச்சுக்கிட்டோமாம்ல? திலீபன் வந்து எங்கிட்ட சமாதானம் பேசுறான். சம்பந்தி வந்து கையப் புடிக்கிறாரு. எனக்கே தெரியாம எனக்குக் கோவம் வந்திருக்கு!"

"நீங்க வேறங்க."

"சண்ட போடக்கூட நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு நேரம் ஒத்து வந்ததில்லியே." பிறகு கேட்டார்: "அது என்ன மேசை?"

"ரெண்டு பேரு ஒக்கார்ற மேசை. நீங்களும் நானும் மட்டும்."

"என்ன?"

சத்தமாகத் திரும்பச் சொன்னாள்.

"யாரு பரிமாறுவா?"

"அவங்க ஆளு இருக்கு."

"அப்ப நீ?"

"நானும் ஒக்காந்து சாப்பிடுவேன்."

 "சரி, சாப்பிடுவோம்," என்றார்.

மூன்றாம் நாள் கப்பல் மாலேயில் நின்றது. மற்றவர்கள் ஊர் பார்க்க இறங்கினார்கள். ஜெயராணி பொறுப்பாளரிடம் போய், நேற்று மேசையை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டாள். இன்று பலர் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள், அதே மேசை முதல் பந்திக்கு இருக்கிறது என்றார் அவர். "அட்டை மட்டும் அனுப்பாதீர்கள்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பின்னேரம் ஐந்தரைக்கு எல்லோரும் பதினான்காம் மேசைக்கு வந்தோம். காளிமுத்து மட்டும் உட்காரவில்லை.

"திலீபா, நாங்க அங்கிட்டு ஒக்கார்றோம். சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. ஒங்கம்மா எங்கூட சாப்பிடணுமாம். கட்டி முப்பத்தெட்டு வருசமா சாப்பிடலியாம்."

எப்போதும் அவருக்குச் சத்தம் கூட. மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஜெயராணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்தபடி நாற்பத்தோராம் மேசைக்கு நடந்தாள். இராமநாதன் வாயைத் திறந்தார்.

"நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ," என்றார் புவனேஸ்வரி.

எனக்கு அவர்கள் பேசியது கேட்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான். இருவருக்கும் தட்டு ஒன்றாக வந்தது. காளிமுத்து சாப்பிடத் தொடங்கினார். அவள் தொடங்கவில்லை. அவருக்குக் கறி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தட்டிலிருந்த கோழித்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். நான் நேரம் பார்த்தேன், தொழில் பழக்கம். ஆறு நிமிடத்தில் அவர் முடித்துவிட்டார். வாயைத் துடைத்தார். கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, பாதி எழுந்தார்.

போச்சு என்று நினைத்தேன்.

அவள் ஏதோ சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாய்?" என்று பிறகு கேட்டேன்.

"எந்திரிச்சீங்கன்னா நான் ஆஸ்திரேலியா போக மாட்டேன்னு சொன்னேன்."

அதன் பிறகுதான் அவள் சாப்பிடத் தொடங்கினாள். அவருக்குச் செய்ய வேலையில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். அவள் சாப்பிட்டு அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு நடந்த பேச்சை ஜெயராணி எனக்கு அப்படியே சொன்னாள்.

"நீ ஏன் ஒரு பக்கமா மெல்லுற?" என்று கேட்டாராம்.

"வலது பக்கம் ரெண்டு கடவாப் பல்லு இல்லீங்க."

"எப்ப புடுங்குன?"

"பதினோரு வருசம் ஆச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

 அவர் பணியாளரைக் கூப்பிட்டு, மெல்லத் தேவையில்லாத ஏதாவது கொண்டுவரச் சொல்லிக் கையால் காட்டினாராம். பணியாளர் சூப் கொண்டுவந்தார்.

அடுத்தது அவள் கண்டுபிடித்தது. அவள் எதைச் சொன்னாலும் அவர் தலையை ஒரு பக்கம் திருப்பி, "என்ன, என்ன?" என்று கேட்டார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. மாமியாரைப் பார்த்துக்கொண்டபோது நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் பேசிப் பார்த்தாள். அவருக்கு வலது காது கேட்கவே இல்லை. பேக்கரியில் மா பிசையும் மெஷின் அவருக்கு வலது பக்கத்தில் இருந்ததாம். வேலை விடுவதற்கு முன்பே கேட்காமல் போய்விட்டது, யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டில் அவள் நின்று பரிமாறுவது அவருடைய வலது பக்கத்தில். சோறு போடும்போது அவள் சொன்ன எத்தனையோ விசயத்துக்கு அவர் பதில் சொன்னதில்லை. தன் பேச்சில் அவருக்கு அக்கறை இல்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அவள் எழுந்ததை நான் கண்டேன். தண்ணீருக்கோ அப்பளத்துக்கோ அல்ல. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். காளிமுத்து பேசத் தொடங்கினார். கையால் மா பிசைந்து காட்டினார், எதையோ போறணைக்குள் தள்ளிக் காட்டினார். அவள் கேட்டுக்கொண்டே சூப் குடித்தாள். நாங்கள் முடித்து எழுந்தபோதும் அவர்கள் எழவில்லை. ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம்.

அன்று அறைக்குத் திரும்பும் வழியில் அவளுக்கு நடை தளர்ந்திருந்தது.

"ஒரு மணி நேரம் ஒக்காந்ததுல ரெண்டு விசயம் தெரிஞ்சுச்சு அக்கா," என்றாள். "இத்தன வருசத்துல எவ்வளவு விட்டுப் போச்சோ."

"காதுக்கு மெஷின் வைக்கலாம். கண்டியில செய்வினம். பல்லும் கட்டலாம்."

"அதச் சொல்லல அக்கா."

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கடைசி இரவுக்கும் நாற்பத்தோராம் மேசையைக் கேட்டிருக்கிறாள். அது வேறொரு தம்பதிக்குப் போய்விட்டது, எல்லா இருவர் மேசையும் நிரம்பிவிட்டது என்று பொறுப்பாளர் வருத்தம் சொன்னாராம். நாளைக்குப் பதினான்குதான். அதற்கு மறுநாள் கொழும்பு.

மறுநாள் காலை நான் புவனேஸ்வரியை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனேன். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே ஒதுக்கிய மேசை கிடையாது. தட்டை எடுத்து, வேண்டியதைப் போட்டுக்கொண்டு, இடம் கண்ட இடத்தில் உட்காரலாம். ஏழு மணி. ஜெயராணியும் காளிமுத்துவும் எங்களுக்கு முன்பே வந்து, கண்ணாடியோரம் ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவருக்கு இடது பக்கத்தில்.

இராமநாதன் தட்டோடு நேரே அங்கே போனார். "காலை வணக்கம், காலை வணக்கம். நாங்களும் இதில இருக்கலாமோ தங்கச்சி?" கேட்கும்போதே பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவிட்டார்.

ஜெயராணியின் கை தட்டை நகர்த்தி இடம் செய்யப் போனது. பாதியில் நின்றது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றாள். "அங்கிட்டு எடம் இருக்கு. நாங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

அவளுடைய தட்டு காலியாக இருந்தது. காளிமுத்துவின் தட்டும்தான்.

 இராமநாதன் கதிரையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "ஓம் ஓம், ஆறுதலாச் சாப்பிடுங்கோ," என்றார். புவனேஸ்வரி அதற்குள் ஊன்றுகோலோடு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்ட ஒரு மேசைக்குப் போய்விட்டார். அவரும் பின்னால் போனார்.

புவனேஸ்வரிக்கு மாத்திரை இரண்டையும் கொடுத்து, தண்ணீரைக் கைக்கு எட்டும்படி வைத்தேன். பிறகு என் தேநீரை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். அவர்கள் எட்டே கால் வரை எழுந்திருக்கவில்லை.